‘நெருங்கிய தோழி ஒருவர் கூறினார்’

லண்டனுக்கு வந்த புதிதில் நான் ஆங்கிலம் வாசிக்கப் பழகியது உறவுக்காரர் ஒருவரின் பேப்பர் கடையில்தான். காலை ஐந்து மணிக்கு வாசலில் பத்திரிகைக் கட்டுகள் வந்து கிடக்கும். பட்டியை வெட்டி, எண்ணிச் சரிபார்த்து, தட்டில் அடுக்கிவிட்டால் கொஞ்ச நேரம் ஓய்வு. ஒரு தேநீர், ஒரு பத்திரிகை. அரசியல் பக்கம் எனக்கு விளங்காது. பிரபலங்களின் கிசுகிசுப் பக்கம் விளங்கும். சின்னச் சொற்கள், குட்டை வசனங்கள், பெரிய படங்கள். ‘தி சன்’ பத்திரிகையில் ‘பிசார்’, ‘டெய்லி மிரர்’ பத்திரிகையில் ‘திரீ ஏஎம்’, ஞாயிற்றுக்கிழமை என்றால் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’. யார் யாரோடு சேர்ந்தார், யார் யாரைப் பிரிந்தார், யாருக்கு வயிறு கொஞ்சம் மேடாகத் தெரிகிறது என்பதெல்லாம் எனக்குப் பாடமாகின.

அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வசனம் உண்டு. ‘ஒரு பால் சொன்னார்.’ முதலில் எனக்கு நாம் குடிக்கிற பால்தான் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு விளங்கியது: பால் என்றால் கூட்டாளி, சிநேகிதி. அந்த நடிகைக்கு நெருங்கிய தோழி ஒருவர் கூறினார். அந்தப் பாடகியின் நட்பு வட்டாரம் தெரிவித்தது. பெயர் இராது, முகம் இராது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும் வாய் திறக்கக் காத்திருக்கும் ஒரு தோழி இருந்தாள்.

இந்தக் கட்டுரை அந்தத் தோழியைப் பற்றியது. பிரித்தானியக் கிசுகிசுப் பத்திகள் பெண்களுக்குச் செய்த தீமைகளில் அந்தரங்கத்தைக் கடைவிரித்தது ஒன்று, உடலை அளந்தது ஒன்று. அவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அவற்றைவிடக் கொடுமையாகப் படுவது வேறொன்று. தாங்கள் செய்த திருட்டை அவர்கள் சிநேகிதிகளின் தலையில் போட்டார்கள்.

திருட்டு நடந்த விதம் மிக எளிமையானது. கைத்தொலைபேசிகள் பரவிய அந்தக் காலத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குரல்பதிவுப் பெட்டி இருந்தது. வெளியிலிருந்து அதைத் திறக்க நாலு இலக்க இரகசிய எண் போதும். நிறுவனம் கொடுத்த 0000, 1234 போன்ற எண்களைப் பெரும்பாலானோர் மாற்றுவதே இல்லை. ஒருவர் அழைத்து இணைப்பைப் பிடித்து வைத்திருப்பார். அதே நேரத்தில் இன்னொருவர் அழைத்தால் அழைப்பு குரல்பதிவுக்குப் போகும். எண்ணை அழுத்தினால் அம்மா விட்ட தகவல், காதலன் விட்ட தகவல், வைத்தியரின் அலுவலகம் விட்ட தகவல் எல்லாம் கேட்கலாம். அடுத்த நாள் அது பத்தியில் வரும், ‘தோழி சொன்னார்’ என்று.

இது வெளியே தெரியவந்ததும் ஒரு கிசுகிசுப் பத்தியால்தான். 2005 நவம்பரில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பத்திரிகையின் அரச குடும்பச் செய்தியாளர் கிளைவ் குட்மன், இளவரசர் வில்லியத்தின் முழங்கால் காயம் பற்றி ஒரு சின்னத் துணுக்கு எழுதினார். மிகச் சிலருக்கே தெரிந்த விஷயம் அது. அரண்மனை சந்தேகப்பட்டது, பொலிஸ் வந்தது. 2007 ஜனவரியில் குட்மனும் அவருக்கு வேலை செய்த தனியார் துப்பறிவாளர் கிளென் மல்கெயரும் சிறைக்குப் போனார்கள். கெட்டுப்போன ஒரே ஒருவரின் வேலை என்று பத்திரிகை கைகழுவியது. 2002இல் கொலை செய்யப்பட்ட பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் குரல்பதிவையும் அதே பத்திரிகை கேட்டிருந்தது என்று 2011 ஜூலையில் ‘கார்டியன்’ எழுதிய பிறகுதான் நாடு கொதித்தது. 168 வருடங்கள் ஓடிய அந்தப் பத்திரிகையின் கடைசி இதழ் ஜூலை 10ஆம் திகதி எங்கள் கடைக்கு வந்தது. வழமையைவிட அதிகமாக விற்றது. ஞாபகத்துக்கு வைத்திருக்க வேண்டுமாம்.

அந்த வருடம் நவம்பரில் நீதிபதி லெவிசன் தலைமையிலான விசாரணையில் நடிகை சியன்னா மில்லர் சாட்சியம் அளித்தார். நள்ளிரவில் ஆண்கள் கூட்டம் தன்னைத் தெருவில் துரத்தியதையும், அவர்கள் கையில் கமரா இருந்ததாலேயே அது சட்டத்துக்கு உட்பட்டதானதையும் சொன்னார். பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. என்னை உலுக்கியது அவர் சொன்ன இன்னொரு விஷயம். மிகச் சிலருக்கே தெரிந்தவை தொடர்ந்து வெளியானபோது, தன் குடும்பத்தையும் நண்பர்களையும் ஓர் அறையில் உட்காரவைத்து, உங்களில் யார் விற்றது என்று கேட்டிருக்கிறார். யாரும் விற்கவில்லை. தன்னை நேசித்தவர்களைக் குற்றவாளிகளாக்கியதை நினைத்து அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பொறுப்பை ஏற்று அவருக்கு 100,000 பவுண்ட் கொடுத்தது. 2005இல் தான் கர்ப்பமாக இருந்த தகவலை ‘தி சன்’ சட்டவிரோதமாகப் பெற்றதாகத் தான் நம்புவதாகவும் 2021 டிசம்பரில் அவர் சொன்னார். அந்த வழக்கை நிறுவனம் பொறுப்பை ஏற்காமலே பணம் கொடுத்து முடித்தது.

இன்னொரு நடிகை சேடி ஃப்ரொஸ்ட். ‘மிரர்’ குழுமத்துக்கு எதிரான வழக்கில் 2015இல் அவருக்கு 260,250 பவுண்ட் இழப்பீடு கிடைத்தது. அந்த வருடங்களில் அவர் தன்னைச் சுற்றியிருந்தவர்களிடம், பெற்ற தாயிடம்கூட, இரகசியம் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஒரு மகள் தாயின் முன்னால் பேனையையும் தாளையும் வைப்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தத் தாய் அந்த இரவு என்ன யோசித்திருப்பார்?

பெண்களுக்கு நெருக்கடி வந்தால் ஓடுவதற்கு இருக்கும் இடங்கள் அதிகமில்லை. அம்மா, சகோதரி, சிநேகிதி, வேலையிடத்தில் ஒருத்தி. அரசோ பொலிஸோ நீதிமன்றமோ பிறகுதான். கிசுகிசுப் பத்தி குறிவைத்து உடைத்தது இந்த முதல் வட்டத்தை. பண இழப்பீட்டால் அதை ஒட்டவைக்க முடியாது.

இது நடிகைகளின் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2005இல் எங்கள் சொந்தத்தில் தங்கச்சி முறையான ஒருத்தி கல்யாணம் முடித்து ஊரிலிருந்து வந்தாள். சனிக்கிழமைகளில் கடைக்கு உதவிக்கு வருவாள். வீட்டில் அவளுக்கு அடி விழுகிறது என்று எனக்குத் தெரியும், தெரியாதது போல இருந்தேன். ஒருநாள் பத்திரிகை அடுக்கும்போது கேட்டாள்: “அக்கா, எங்கட இங்கிலீஸ் வகுப்பில ஒரு பிள்ளை இருக்கிறா. நல்ல பிள்ளை. அவவிட்ட மட்டும் என்ர கதையைச் சொல்லட்டோ?”

கையில் இருந்த பத்திரிகையை விரித்துக் காட்டினேன். எந்த நடிகை என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை, தோழி சொன்னார் என்ற வசனம் இருந்தது. “இஞ்ச பார், இவ்வளவு பெரிய ஆளுக்கே சொந்தச் சிநேகிதி என்ன செய்யிறாள் எண்டு. நீ ஆரை நம்பப் போறாய்? பேசாமல் இரு.”

அவள் பேசாமல் இருந்தாள், நாலு வருடம்.

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று ஊரில் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒவ்வொரு நாள் காலையும் ஆங்கிலத்தில் அதற்கு அத்தாட்சி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் படித்தேன், நம்பினேன், அடுத்தவளுக்குப் புத்திமதியாகக் கொடுத்தேன். இப்படி அந்த வசனம் எத்தனை சமையலறைகளுக்குப் போயிருக்கும்!

ஆங்கிலத்தில் கிசுகிசுவுக்கு ‘கொசிப்’ என்று பெயர். அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் ஞானப்பெற்றோர். பிறகு அது நெருங்கிய தோழியைக் குறித்தது, குறிப்பாகப் பிரசவ அறையில் பக்கத்தில் நிற்க அழைக்கப்படும் பெண்ணை. அங்கே ஆண்களுக்கு இடமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் என்ன பேசினார்களோ என்ற ஆண்களின் எரிச்சலும் சேர்ந்து, தோழி என்ற சொல் வம்பு என்ற வசையாக இறங்கிப்போனது. நம்மிடமும் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அகத்திணையில் ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், வெளிப்படையாகத் தூற்றுவது அலர். தோழியின் பேச்சு இவை இரண்டிலும் சேராது. தலைவியின் இரகசியத்தை அவள் செவிலித்தாயிடம் சொல்வதுண்டு. அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவியின் வாழ்வுக்காகச் சொல்வதால் அது காட்டிக்கொடுப்பு ஆகாது. டாப்லாய்டுகள் விற்றது அலர். அதற்கு அவர்கள் ஒட்டிய பெயர்ச்சீட்டு தோழி.

இதனால் உயர்ந்தவர்கள் யார்? ‘பிசார்’ 1982இல் தொடங்கியது. அதன் ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். பியர்ஸ் மோர்கன் அங்கிருந்து 28 வயதில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ ஆசிரியரானார், அடுத்து ‘டெய்லி மிரர்’ ஆசிரியர். அண்டி கோல்சன் அங்கிருந்து ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ ஆசிரியராகி, டேவிட் கேமரனின் ஊடகத் தலைவராகப் பிரதமர் அலுவலகம்வரை போனார். 2014இல் தொலைபேசி ஒட்டுக்கேட்புச் சதிக்காக 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். டொமினிக் மோஹன் 2009இல் ‘சன்’ ஆசிரியரானார். பெண்களின் வெட்டிப்பேச்சு என்று உலகம் சிரிக்கும் ஒரு விஷயம், ஆண்களுக்கு அதிகாரத்துக்கு ஏறும் படிக்கட்டாக இருந்தது. வேலைக்குப் போகாத பெண் மதிலடியில் நின்று பேசினால் வம்பு. ஆண் அதை அச்சடித்து விற்றால் தொழில்.

பெண்களும் அங்கே இருந்தார்களே என்று கேட்பீர்கள். இருந்தார்கள். 2000இல் மோர்கனின் ‘மிரர்’ மூன்று இளம் பெண்களை ‘திரீ ஏஎம் கேர்ள்ஸ்’ என்று முன்னிறுத்தியது. அதிகாலை மூன்று மணி, விருந்துகள் முடியும் நேரம். பத்தியின் தலையில் அவர்களுடைய படம் இருக்கும். அவர்கள் எழுதுவது மூன்று சிநேகிதிகள் நமக்கு இரகசியம் சொல்வது போல இருக்கும். பத்திரிகைக்குத் தேவைப்பட்டதும் அதுதான். அந்த மூவரில் எவரையும் நான் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் நடந்ததை நீதிமன்றம் சொல்லிவிட்டது: ‘மிரர்’ குழுமப் பத்திரிகைகளில் 1998 முதலே தொலைபேசி ஒட்டுக்கேட்பு பரவலாகவும் வழக்கமாகவும் நடந்தது என்று 2023 டிசம்பரில் இளவரசர் ஹாரியின் வழக்கில் நீதிபதி ஃபான்கோர்ட் தீர்ப்பளித்தார். வெளியே புன்னகைக்கும் பெண்முகம், உள்ளே திருட்டு. அந்த முகங்களை அங்கே வைத்தவர்கள் நம்மை நன்றாக அறிந்தே வைத்தார்கள்.

பெண் ஆசிரியர் வந்தால் மாறும் என்ற நம்பிக்கையும் எங்களுக்கு இருந்தது. 2003 ஜனவரியில் ரெபெக்கா வேட், பிறகு ரெபெக்கா புரூக்ஸ், ‘தி சன்’ பத்திரிகையின் முதல் பெண் ஆசிரியரானார். 1970இலிருந்து மூன்றாம் பக்கத்தில் மேலாடையில்லாத பெண்ணின் படம் போட்டுவந்த பத்திரிகை அது. புதிய ஆசிரியரின் முதல் நாள் மூன்றாம் பக்கப் பெண்ணின் பெயர் ‘வாப்பிங்கைச் சேர்ந்த ரெபெக்கா’. வாப்பிங் என்பது அந்தப் பத்திரிகை அலுவலகம் இருந்த இடம். தன் பெயரையே அந்தப் படத்துக்குக் கொடுத்துச் சிரித்தார் அவர். மூன்றாம் பக்கம் 2015வரை தொடர்ந்தது. 2014 வழக்கில் புரூக்ஸ் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2020இல் ‘பிசார்’ முன்னாள் ஆசிரியர் விக்டோரியா நியூட்டன் ‘சன்’ ஆசிரியரானார். படிக்கட்டில் இப்போது பெண்களும் ஏறுகிறார்கள். படிக்கட்டு எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது என்பதே என் கேள்வி.

புகழைத் தேடிப் போனவர்கள் இதையும் தாங்கத்தான் வேண்டும் என்பது அடுத்த வாதம். பாடகி சார்லட் சேர்ச் லெவிசன் விசாரணையில் சொன்னதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அவர் பன்னிரண்டு வயதிலேயே பிரபலமான சிறுமி. 2005இல் அவருடைய தந்தையின் கள்ளத்தொடர்பை ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ அச்சிட்டது. தாயின் உளநலம் நலிந்திருந்ததைத் தெரிந்துகொண்டே அச்சிட்டது என்றார் அவர். அந்தத் தாய் எந்த மேடையில் ஏறிப் பாடினார்? எந்தப் புகழைத் தேடினார்? மகள் பாடினாள் என்பதற்காகத் தாய் சிலுவையில் ஏற வேண்டுமா? 2012இல் சார்லட்டுக்கும் பெற்றோருக்கும் நிறுவனம் செலவு உட்பட 600,000 பவுண்ட் கொடுத்தது.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது, பெண்ணியவாதிகளிடமிருந்தே வருவது: கிசுகிசு எளியவர்களின் ஆயுதம், அதிகாரத்திலுள்ள ஆண்களை அம்பலப்படுத்துவது அதுதானே? உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். ஜிம்மி சவில் என்ற தொலைக்காட்சி நட்சத்திரம் பல பத்து வருடங்கள் சிறுமிகளையும் சிறுவர்களையும் பெண்களையும் பாலியல் வதை செய்தவர். ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவர் வரும்போது நித்திரை போல நடியுங்கள் என்று தாதியர் சொன்னதாக, சிறுமியாக அங்கே கிடந்த ஒரு பெண் பின்னாளில் சொன்னார். அதுதான் கிசுகிசு. பயந்த குரலில், மேலதிகாரிக்குக் கேட்காமல், ஒரு பெண் ஒரு சிறுமியைக் காப்பாற்ற அவளால் முடிந்த அளவுக்குச் சொன்னது. அந்த முணுமுணுப்பைத் தூக்கிப்பிடித்த கிசுகிசுப் பத்தி ஒன்றையும் சவில் உயிரோடிருந்தவரை நான் படித்ததில்லை. அவர் 2011 அக்டோபரில் 84 வயதில் மதிப்போடு செத்தார். ஒரு வருடம் கழித்து ஐடிவி ஆவணப்படம் வந்த பிறகே அந்தப் பெண்களின் கதையை நாடு கேட்டது. ஒரு நடிகையின் குரல்பதிவை நோண்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு தாதியின் எச்சரிக்கை காதில் விழவில்லை. பணக்காரன் அவதூறு வழக்குப் போடுவான். அழுதுகொண்டிருக்கும் பெண் போடமாட்டாள் என்று அவர்கள் கணக்குப் பார்த்திருந்தார்கள்.

அதெல்லாம் பழைய கதை, இப்போது யாரும் ஒட்டுக்கேட்பதில்லை என்பார்கள். 2025 ஜனவரியில் ‘சன்’ நிறுவனம், தங்கள் பத்திரிகைக்கு வேலை செய்த தனியார் துப்பறிவாளர்கள் சட்டத்தை மீறியதாக ஒப்புக்கொண்டு ஹாரியிடம் மன்னிப்புக் கேட்டது. அவருடைய தாய் டயானாவின் வாழ்வில் புகுந்ததற்கும் கேட்டது. டயானா இறந்து 27 வருடங்களுக்குப் பிறகு! இதற்கிடையில் 2020 பெப்ரவரியில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கரோலைன் ஃப்ளாக் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு வழக்கை எதிர்நோக்கியிருந்த அவரைக் கேலிசெய்யும் காதலர் தின வாழ்த்தட்டை பற்றிய செய்தியை ‘சன்’ இணையத்தில் போட்டிருந்தது. இறந்த செய்தி வந்ததும் அதைச் சத்தமில்லாமல் எடுத்தது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் வரப்போகும் வழக்கும் ஊடக வெளிச்சமும் அவரை அழுத்தியதை மரண விசாரணை அதிகாரியே பதிவுசெய்தார். தொலைபேசியை விட்டுவிட்டார்கள், தோழியை இன்னும் விடவில்லை. இன்றைய பக்கங்களைத் திறந்து பாருங்கள். ‘உள்வட்டம் கூறுகிறது’, ‘நண்பர்கள் கவலைப்படுகிறார்கள்’.

படிப்பவர்களே குற்றவாளிகள், பெண்கள்தானே வாங்குகிறார்கள் என்று ஆண்கள் சொல்லும்போது நான் தலைகுனிவதில்லை. ஆசைப்பட்டோம்தான். இன்னொரு பெண்ணின் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வதில் நமக்கு இருக்கும் அக்கறை கேவலமானது அல்ல. நம் வாழ்க்கையை அதோடு வைத்துப் பார்த்து, எது சரி, எது பிழை, எதைத் தாங்கலாம், எதைத் தாங்கக்கூடாது என்று பழகுகிறோம். அந்த அக்கறையைப் பிடித்துத்தான் அவர்கள் விற்றார்கள். அதற்காகப் பேசுவதை நிறுத்தச் சொல்லமாட்டேன். இந்த நூலைப் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை ‘நெருங்கிய தோழி ஒருவர் கூறினார்’ என்று எங்கேயாவது வாசித்தால், அந்தத் தோழியின் பெயரைக் கேளுங்கள். பெயர் இல்லாவிட்டால், தோழி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வசனத்தை வைத்து உங்கள் வகுப்பில், விடுதியில், வீட்டில் இருக்கும் உண்மையான தோழியை அளக்காதீர்கள்.

சியன்னா மில்லரின் சாட்சியம் வந்த வாரம் நான் என் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் அதற்குள் அந்த வீட்டை விட்டு வெளியேறி இரண்டு வருடம். வெளியேறியபோது யாரும் கூட நிற்கவில்லை, ஒரு பையோடு தனியாகத்தான் பஸ் ஏறியிருக்கிறாள். அன்று கடையில் நான் சொன்னது பிழை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

“அந்த வகுப்புப் பிள்ளை அதுக்குப் பிறகு இரண்டு தரம் என்னட்டக் கேட்டவ அக்கா, ஏதும் பிரச்சினையோ எண்டு. நான் ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டன்.”